கையெழுத்து நாளில் வந்து உட்காரும் ஆர்லீன் கோவார்

கால்பந்துக் கோச் டெல்மர் பிட்மனின் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பல வருஷங்களாக ஒரு நல்ல கறித்துண்டு போய்ச் சேர்ந்ததில்லை. அதற்குக் காரணம் ஆர்லீன் கோவார்.

டெக்சாஸில் எங்கள் நியூ ஹாலெக் ஊருக்கு இருந்தது ஒரே கறிக்கடை. அதில் வெட்டுமேடைக்குப் பின்னால் நின்றவள் ஆர்லீன். கோச்சின் மனைவி ஓபல் வந்து நின்றால் முகத்தைச் சுளிக்க மாட்டாள். "என்ன வேணும் ஓபல்?" என்று நிதானமாகக் கேட்பாள். கேட்ட பாகத்தைத்தான் வெட்டுவாள், எடையும் இம்மி பிசகாது. வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தால் மேலே இரண்டு துண்டு இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். அடியில் இருப்பதெல்லாம் சவ்வும் நரம்பும். ஓபல் ஒருநாளும் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் முப்பது மைல் தள்ளியிருக்கும் பக்கத்து ஊரில் கறி வாங்கத் தொடங்கினாள். அந்தச் செய்தி காதில் விழுந்த அன்று ஆர்லீன் கடையிலிருந்து வீடுவரை சீட்டியடித்துக்கொண்டே போனாள்.

அவள் பிறவியிலேயே அப்படிப்பட்டவள் அல்ல. செக் நாட்டிலிருந்து வந்து பருத்தி போட்ட குடும்பத்தில் ஏழு பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவள். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு, ஆண்பிள்ளைக் கை. பதினேழு வயதில் கறிக்கடைக்குக் கல்லாவில் உட்கார வந்தவளை, ஒருநாள் வெட்டுகிறவன் குடித்துவிட்டு வராமல் போகவே முதலாளி கத்தியை எடுக்கச் சொன்னார். அன்றைக்கு எடுத்த கத்தியை ஐம்பது வருஷம் கீழே வைக்கவில்லை. கல்யாணத்தில் அவள் ஆடிய ஆட்டத்தில் மாதாகோவில் மண்டபத்தின் பலகை ஒன்று உடைந்துபோனது என்று சொல்லிச் சிரிப்பார்கள். கட்டிக்கொண்டது லிராய் கோவாரை. மூன்று கரு கலைந்த பிறகு, அவளுடைய இருபத்தேழாவது வயதில் வெஸ் பிறந்தான். அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கால்பந்து என்றால் பந்தைக் காலால் உதைப்பது இல்லை. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஆளை ஆள் முட்டி, கட்டிப் பிடித்து, தரையில் சாய்ப்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை கண்ணி எல்லாம் அடைத்துவிட்டு ஊரே மைதானத்துக்குப் போய்விடும். லிராய் தன் காலத்தில் ஊர்ப் பள்ளியின் பேட்ஜர்ஸ் அணியில் ஆடியவன். முன்பல் இரண்டைப் பறிகொடுத்தது எந்த ஆட்டத்தில் என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவான்.

வெஸ் ஏழாம் வகுப்புப் போனபோது பள்ளியிலிருந்து பெற்றோர் சம்மதத் தாள் வந்தது. ஆர்லீன் அதை மடித்து ரொட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"என்ன, கையெழுத்துப் போடலையா?" என்றான் லிராய்.

"மூணு பிள்ளைய வயித்துலயே பறிகுடுத்தவ நான். இவனையும் முட்டிக்கக் குடுக்கணுமா?"

"பயலுக்கு ஆசையா இருக்குடி. ஊர்ல எல்லாப் பசங்களும் ஆடறானுங்க. இவன் மட்டும் உன் முந்தானையப் புடிச்சிட்டு நிக்கணுமா?"

"நிக்கட்டும். முந்தானை ஒண்ணும் கிழிஞ்சிடாது."

"அப்புறம் அவன் உன்னைத்தான் வெறுப்பான், பாத்துக்க."

அந்தப் பேச்சு அவளைக் குத்திவிட்டது. தாளை எடுத்து மேசையில் போட்டாள். லிராய் கையெழுத்துப் போட்டான். அவள் போடவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. இதைப் பிற்பாடு அவளே சொல்லியிருக்கிறாள், தன்னைத் தப்பவிடாமல்.

வெஸ் நன்றாகவே ஆடினான். அம்மாவின் உயரம், அப்பாவின் முரட்டுத்தனம். பதினாறு வயதில் பெரிய அணியில் சேர்ந்துவிட்டான். டெல்மர் பிட்மன் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால் லிராய்க்கு அன்று தரையில் கால் பாவாது.

1986ஆம் வருஷம், அக்டோபர் மாதம். செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் வெஸ்ஸுக்குத் தலையில் அடி. வீட்டுக்கு வந்தவன் மேசையில் உட்கார்ந்து, விளக்கைப் பார்க்க முடியாமல் புருவத்துக்கு மேல் கையைக் குவித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான். சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்தான். புதன்கிழமை கணக்குப் பாடத்தில் தன் பேரையே எழுத்துப் பிழையோடு எழுதினான். வியாழக்கிழமை ஆர்லீன் கடையிலிருந்து கறை படிந்த மேலாடையோடு நேராக மைதானத்தை ஒட்டிய கோச்சின் அறைக்குப் போனாள். அங்கே வேறு யாரும் இல்லை.

"டெல்மர், என் பையனுக்குத் தலை சரியில்ல. வெளிச்சம் பாக்க முடியல, வாந்தி எடுக்கறான். நாளைக்கு அவனை இறக்காத."

டெல்மர் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு சிரித்தான். "மிஸஸ் கோவார், எனக்குக்கூட உங்களப் பாத்தா தலைவலிதான். அதுக்காக நான் வேலைக்கு வராம இருக்கேனா?"

"விளையாட்டுப் பேச்சு இல்ல இது."

"சரி, சரி. நாளைக்கு அவனைப் பாக்கறேன். முடியலன்னு அவன் வாயால சொன்னா உக்கார வச்சிடறேன். போதுமா?"

பதினாறு வயதுப் பையன், ஊரே வந்து உட்கார்ந்திருக்கிற பெரிய ஆட்டத்தன்று, தன்னால் முடியாது என்று கோச்சிடம் சொல்வானா? வெஸ் சொல்லவில்லை. ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில் ஒரு சாதாரண மோதல். பெரிய அடிகூட இல்லை. எழுந்தான், இரண்டு எட்டு வைத்தான், விளிம்புக் கோட்டருகே டெல்மர் பிட்மனின் கண் முன்னால் முழங்கால் மடங்கி விழுந்தான். ஏற்கெனவே அடிபட்ட மூளை, ஆறுவதற்குள் இன்னோர் அடி வாங்கியதில் உள்ளே வீங்கிவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். நாற்பத்து மூன்று நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது வலது பக்கம் போய்விட்டிருந்தது. பேச்சில் ஐம்பது அறுபது சொல்தான் மிச்சம். சக்கர நாற்காலியில்தான் வீட்டுக்கு வந்தான்.

இதுவரை நடந்ததை ஆர்லீன் ஒருவேளை விதி என்று விழுங்கியிருப்பாள். அவளால் விழுங்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. பள்ளி நிர்வாகக் குழு கூடி விசாரித்தபோது டெல்மர் எழுந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் தளும்பச் சொன்னான்: "பையனுக்கு அடி பட்டிருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலைங்க. சொல்லியிருந்தா இறக்குவேனா? அவனும் சொல்லல, அவங்க அம்மாவும் என்கிட்ட வரவே இல்ல."

ஆர்லீன் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "நான் வந்தேன். வியாழக்கிழமை மூணரை மணிக்கு வந்தேன்."

அறை முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையில் இருந்தது பரிதாபம். பெற்றவள், புத்தி பேதலித்துப் பேசுகிறாள் என்கிற பரிதாபம். லிராய் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான். காரில் திரும்பும்போது, "அவன் ஒருவேளை சரியா காதுல வாங்கிக்கலையோ என்னவோ, ஆர்லீன்," என்றான். அன்றோடு அவனுக்கும் அவளுக்கும் பேச்சு அறுந்தது. சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், மூன்று வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் அவன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று மேற்கே போனான். திரும்பி வரவில்லை. அவள் தேடவும் இல்லை.

வெஸ் விழுந்த மறு வருஷம், ஆகஸ்ட் மாதம் முதல் திங்கட்கிழமை. அன்றுதான் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து மைதான அறையில் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். காலை எட்டு மணிக்கு ஆர்லீனின் பிக்கப் வண்டி வந்து நின்றது. வெஸ்ஸை இறக்கினாள். அறையின் வாசலுக்கு எதிரே, நடைபாதையை ஒட்டி, அவன் நாற்காலியை நிறுத்திச் சக்கரத்தைப் பூட்டினாள். பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அட்டை பிடிக்கவில்லை, கத்தவில்லை. உள்ளே போகிறவர்கள் வெஸ்ஸைத் தாண்டித்தான் போக வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் வந்தது ஜோலின் என்கிற பெண். கடையில் ஆர்லீனோடு அரட்டை அடிப்பவள்.

"இங்க என்ன பண்றே ஆர்லீன், இந்த வெயில்ல?"

"காத்து வாங்கறோம்."

"வெஸ்ஸுக்குச் சூடு ஒத்துக்குமா?"

"அவனுக்கு என்னடி ஒத்துக்கல? உள்ள போ. உன் பையன் பேரு என்ன, ட்ராய்தானே? நல்லா வளந்துட்டான். வெஸ்ஸும் இந்த உயரம்தான் இருந்தான்."

ஜோலின் வாசற்படிவரை போனாள். பையன் உள்ளே போகச் சொல்லி இழுத்தான். அவள் வெஸ்ஸின் வாயோரம் வழிந்ததை ஆர்லீன் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பையனின் சட்டைக் காலரைப் பிடித்து வண்டிக்குத் திருப்பிக் கூட்டிப்போய்விட்டாள். பையன் அழுதுகொண்டே போனான். ஆர்லீனுக்கு அந்த அழுகை தேனாக இனித்தது.

டெல்மர் காவல் துணை அதிகாரியைக் கூப்பிட்டு அனுப்பினான். அவர் வந்து தொப்பியை மேலே தள்ளிவிட்டுத் தயங்கினார். "கோச், அது பொது நடைபாதை. அந்தம்மா உக்காந்துதானே இருக்கு?"

"ஆளுங்க மிரண்டு போறாங்கய்யா!"

"எதப் பாத்து மிரளறாங்க கோச்? உங்க பழைய ஆட்டக்காரனப் பாத்தா?"

டெல்மர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இதில் அவள் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. வெஸ்ஸுக்கு அந்த நாள் பிடித்துப்போய்விட்டது. அவனுக்குக் கால்பந்து மேல் கோபம் கிடையாது. பையன்களைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி, "பேட்ஜர்ஸ்! அடி!" என்று கத்துவான். அது மட்டும் தெளிவாக வரும். ஜூலை பிறந்துவிட்டால் நாள்காட்டியைக் காட்டி எத்தனை நாள் என்று விரலால் கேட்பான். தன் பழைய ஊதாச் சட்டையைப் போட்டுவிடச் சொல்லி அடம்பிடிப்பான். அவன் அம்மா தன்னை அணிக்கு வாழ்த்துச் சொல்லத்தான் கூட்டிப்போகிறாள் என்று நம்பினான். ஆர்லீன் அவனைத் திருத்தவில்லை. அவன் கேட்டபடி சட்டையைப் போட்டுவிடுவாள். அந்தச் சட்டையோடு அவனைப் பார்த்தால் தாய்மார்களின் முகம் இன்னும் சீக்கிரம் வெளுக்கும் என்று அவள் கண்டுவைத்திருந்தாள். பெற்ற பிள்ளையையே கருவியாக்கிக்கொண்டோம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் வருஷா வருஷம் சக்கரத்தைப் பூட்டினாள்.

வருஷங்கள் போயின. அறுபது பையன்கள் கையெழுத்துப் போட்ட இடத்தில் நாற்பது ஆனது, முப்பது ஆனது. பதினொரு பேர் ஆட ஆள் சேராமல், சிறிய ஊர்கள் ஆடுகிற ஆறு பேர் ஆட்டத்துக்கு நியூ ஹாலெக் இறங்கியது. பருத்தி ஆலை மூடி, பாதிக் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போனதும் அதற்குக் காரணம். ஆர்லீன் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்ள மாட்டாள். எல்லாம் தன் கைவரிசை என்றே கணக்குப் போட்டுக்கொண்டாள். மாநிலக் கோப்பை கனவோடு வந்த டெல்மர், ஒரு கோப்பையும் இல்லாமல் 2003இல் ஓய்வுபெற்றான். அவனுக்கு நடந்த விருந்துக்குக் கறி கேட்டு ஆள் வந்தபோது, "வெட்டுக்கத்தி தொலைஞ்சிபோச்சு," என்றாள், கையில் கத்தியை வைத்துக்கொண்டே.

அத்தனையும் செய்த பிறகும் அவளுக்கு ஆறவில்லை. 'அவங்க அம்மா என்கிட்ட வரவே இல்ல' என்ற அந்தப் பொய் அப்படியே நின்றது. ஊர் அதைத்தான் நம்பியது.

2009ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம், கையெழுத்து நாளுக்கு இரண்டு நாள் முன்னால், கடை மூடுகிற நேரத்தில் ஒருத்தி உள்ளே வந்தாள். டெல்மரின் மகள் ஷெல்பி. விவாகரத்தாகிப் பெரிய நகரத்திலிருந்து அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் மகன் டக்கருக்குப் பன்னிரண்டு வயது.

"கறி வாங்க வரல, மிஸஸ் கோவார்," என்றாள். கையில் மடித்த தாள்.

"தெரியுது. உங்க வீட்டுல இங்க வாங்கறதில்லையே."

ஷெல்பியின் முகம் சிவந்தது. "டக்கர் ஏழாம் வகுப்பு. ஆடணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். அப்பா, நானே உனக்குச் சொல்லித்தரேன்னு அவன ஏத்திவிடறார். எனக்குத்தான் கை வரல. வெஸ் விழுந்த அன்னிக்கு நான் அங்க இருந்தேன், பதிமூணு வயசு. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. உங்களவிடத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா? நீங்க சொல்லுங்க. போடட்டுமா, வேண்டாமா?"

இருபத்திரண்டு ஆகஸ்ட் மாதமாக ஆர்லீன் கேட்டுவந்த எத்தனையோ தாய்மார்களுக்குச் சொன்ன பதில் ஒன்றுதான்: வேண்டாம். அது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் டெல்மரின் மூக்கும் தாடையும் அப்படியே அச்சாக இருந்த அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அடியிலிருந்து வேறொன்று எழுந்து வந்தது. அவன் வீட்டுப் பிள்ளை. அவன் ரத்தம். அவனும் ஒரு தடவை விளிம்பில் நின்று பார்க்கட்டும்.

கத்தியைத் துணியில் துடைத்தாள். "போடும்மா," என்றாள்.

"என்ன?"

"போடுன்னேன். பயலுக்கு ஆசையா இருக்கில்ல? தடுத்தா உன்னைத்தான் வெறுப்பான். என் பையனுக்கு நடந்தது எல்லாருக்குமா நடக்கும்? இப்ப தலைக்கவசமெல்லாம் நல்லா வருது."

ஷெல்பியின் கண் கலங்கிவிட்டது. மேடையைத் தாண்டிக் கையை நீட்டி ஆர்லீனின் ஈரக் கையைப் பிடித்தாள். "நீங்களே சொல்றீங்கன்னா எனக்கு நிம்மதி," என்றாள். அவள் போன பிறகு ஆர்லீன் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க, வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, சின்னப் பையன்களின் ஆட்டத்துக்கு ஆர்லீன் வெஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இருபத்துமூன்று வருஷத்துக்குப் பிறகு வேலிக்குள் கால் வைக்கிறாள். ஊர் வாயைப் பிளந்தது. "கிழவிக்கு மனசு ஆறிடுச்சு போல," என்றார்கள். பார்வையாளர் வரிசையின் மேல் பலகையில் உட்கார்ந்திருந்த டெல்மர்கூட ஒருநாள் தொப்பியைத் தொட்டுத் தலையசைத்தான். அவள் பதிலுக்குத் தலையசைத்தாள். அவள் கண் டக்கரை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு மோதலுக்கும் அவன் எழுந்திருக்கிறானா என்று பார்த்தாள். எழுந்துவிட்டான் என்றதும், கைக்கு வந்தது நழுவியதுபோல ஓர் எரிச்சல். இப்படி ஒன்றுக்காக ஆசைப்படுகிறோமே என்று கூசவில்லை. அந்த நாட்களில் அவள் நன்றாகத் தூங்கினாள் என்பதுதான் உண்மை.

ஆட்டம் முடிந்ததும் டக்கர் சில சமயம் வேலியருகே வந்து, வெஸ்ஸின் மடியில் பந்தை வைப்பான். வெஸ் இடது கையால் உருட்டிவிடுவான். "சூப்பர் வீச்சு அண்ணா!" என்பான் பையன். தாத்தா சொல்லி அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள் ஆர்லீன். ஒருநாள் முகத்தில் அடித்தமாதிரி கேட்டாள்: "யாரு சொல்லி இங்க வர?"

"யாரும் சொல்லல பாட்டி. மத்தவங்க யாரும் இந்த அண்ணா மாதிரி சத்தமா என் பேரைக் கத்தறதில்ல."

அக்டோபர் மாதம், கடைசிக்கு முந்தைய ஆட்டம். பந்தோடு ஓடிய டக்கரை எதிரணிப் பையன் ஒருவன் பக்கவாட்டில் வந்து மோதினான். டக்கரின் தலை தரையில் மோதி ஒரு தரம் எகிறியது. எழுந்தான். எழுந்து எதிரணியின் கூட்டத்தோடு போய் நின்றான். மக்கள் சிரித்தார்கள். இளம் கோச் சிரித்துக்கொண்டே அவன் கவசத்தில் தட்டி, "அந்தப் பக்கம்டா ராசா!" என்று திருப்பிவிட்டான். மேல் பலகையிலிருந்து டெல்மரின் குரல்: "ஆடட்டும், விடுங்க! ஒண்ணும் ஆகல!"

சிரிக்காதவள் ஆர்லீன் ஒருத்திதான். வந்துவிட்டது. அவள் வேண்டிக்கொண்டது வந்தேவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு முறை பந்து போட்டார்கள். டக்கர் தப்பித்தான். இன்னொரு முறை போட்டார்கள். அவன் அசையாமல் நின்றான். நின்றவன், மேற்கே தாழ்ந்த வெயிலைப் பார்க்க முடியாமல் கவசத்துக்கு மேல் கையைக் குவித்து வைத்தான்.

பக்கத்தில் வெஸ், "டக்கர்! அடி!" என்று கத்தினான்.

ஆர்லீன் எழுந்தாள். அறுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவள். வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்தின் நடுவில் நடந்தாள். நடுவர் ஊதல் ஊதினார். "அம்மா! ஏய், அம்மா! எங்க போறீங்க?" அவள் நேராகப் போய் டக்கரின் கையைப் பிடித்தாள்.

"யம்மா, வெளிய போங்க, ஆட்டம் நடக்குது!" இளம் கோச் ஓடி வந்தான்.

"இவன்கிட்ட இன்னைக்கு என்ன கிழமைன்னு கேளு."

"என்ன பேச்சு இது..."

"கேளுடா!"

கறிக்கடையில் ஐம்பது வருஷம் ஆட்களை வரிசையில் நிற்கவைத்த குரல் அது. இளம் கோச் கேட்டான். டக்கர் யோசித்தான். "ஞாயித்துக்கிழமை," என்றான். அப்புறம் அவள் காலணி மேலேயே வாந்தியெடுத்தான். ஷெல்பி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள்.

டெல்மர் படிப்படியாக இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "கடவுள் உன்னை நல்லா வைக்கட்டும் ஆர்லீன்," என்று ஆரம்பித்தான்.

"வேண்டாம். நான் உனக்காகச் செய்யல. என் இடத்துலேருந்து இவன் நின்ன இடம் நாப்பத்தோரு எட்டு, டெல்மர். எண்ணிக்கிட்டே வந்தேன், இந்த முட்டிய வச்சிக்கிட்டு. அன்னைக்கு வெஸ் உன் முன்னால நின்னான். உனக்கு எத்தனை எட்டு?"

டெல்மர் ஆம்புலன்ஸ் வரும் வழியைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் வியாழக்கிழமை உன் ரூமுக்கு வந்தேனா, இல்லையா?"

"ஆர்லீன், இப்போ பையனுக்கு..."

"பையன அவங்க பாத்துக்குவாங்க. வந்தேனா, இல்லையா?"

சுற்றிலும் அரை ஊர் நின்றது. நிர்வாகக் குழுவில் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் இருவர் அங்கேயே இருந்தார்கள். டெல்மர் உதட்டை நனைத்துக்கொண்டு, "வந்தே," என்றான்.

"கேக்கல."

"வந்தே! வந்து சொன்னே. இறக்காதேன்னு சொன்னே." அந்தக் குரல் மைதானத்தின் கோடிவரை கேட்டது. சொல்லிவிட்டு அவன் புல்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாரும் கை கொடுத்துத் தூக்கவில்லை, கொஞ்ச நேரத்துக்கு.

டக்கருக்குத் தலைக்குள் சிறிய கசிவு. இரண்டு மாதம் இருட்டறையில் படுத்துத் தேறினான். இன்னோர் அடி வாங்கியிருந்தால் தேறியிருக்க மாட்டான் என்று மருத்துவர் சொன்னாராம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஷெல்பி கடைக்கு வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஏன் என்னைப் போடச் சொன்னீங்க? மத்த எல்லாருக்கும் வேண்டாம்னுதானே சொன்னீங்க?"

ஆர்லீன் பொய் சொல்லவில்லை. "உங்கப்பனுக்காகச் சொன்னேன். அவன் வீட்டுலயும் ஒண்ணு விழட்டும்னு சொன்னேன்."

ஷெல்பி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்கள அறையறதா, கால்ல விழறதான்னே தெரியல எனக்கு."

"ரெண்டும் வேண்டாம். வீட்டுக்குப் போ. பையன் தனியா இருப்பான்."

அதற்குப் பிறகு ஷெல்பி கடைப்பக்கம் வரவில்லை. மறு கோடையில் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். டெல்மர் பிட்மன் மைதானத்துக்கு வருவதை நிறுத்தினான், பிறகு மாதாகோவிலுக்கு வருவதை, பிறகு வாசலுக்கு வருவதையே. 2012இல் இறந்தான். அவன் பெயரை மைதானத்துக்கு வைக்கலாம் என்று முன்பு இருந்த பேச்சை அப்போது யாரும் எடுக்கவில்லை. அடக்கத்தன்று ஆர்லீன் கடையைத் திறந்து வைத்திருந்தாள். "மன்னிச்சிட்டியா?" என்று கேட்ட பாதிரியாரிடம், "அது உங்க வேலை, ஃபாதர். நான் கறி வெட்டறவ," என்றாளாம்.

அடுத்த வருஷம் கையெழுத்து நாளில் நாலே பேர் வந்தார்கள். நியூ ஹாலெக் பள்ளியில் கால்பந்து அத்தோடு முடிந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த ஆர்லீன் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள், செப்டம்பர்வரை. செப்டம்பர் வெள்ளிக்கிழமைகளில் வெஸ் ஊதாச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை வாசற்கதவருகே தள்ளச் சொல்லி அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஆட்டம் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்கு ஏறவில்லை. நாற்பத்து மூன்று வயது மகன், மைதான விளக்கு எரியாத திசையைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான். மூன்று வெள்ளி பொறுத்தாள். நாலாவது வெள்ளி அவனைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு, முப்பது மைல் தள்ளியிருக்கும் பக்கத்து ஊர் ஆட்டத்துக்குப் போனாள்.

இன்றும் போகிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள், வண்டியை இன்னும் அவளேதான் ஓட்டுகிறாள். அந்த ஊர்க்காரர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. யாராவது ஒரு பையன் விழுந்து எழத் தாமதித்தால் போதும், கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றுகொள்வாள். அவனை வெளியே கூட்டிப்போகும்வரை உட்கார மாட்டாள், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது என்று கத்தினாலும். நிர்வாகத்திடம் இரண்டு முறை புகார் போயிருக்கிறது. "கெழவி, உக்காரு!" என்று பின்னாலிருந்து சோளப்பொரி வந்து விழும். அவள் அசைய மாட்டாள். பக்கத்தில் வெஸ் இடது கையைத் தூக்கி, யார் அணி என்றே தெரியாமல், எல்லாருக்குமாகக் கத்திக்கொண்டிருப்பான்.